செவ்வாய்க்கிழமைத் தராசு

நான் பயிற்சி எடுத்த காலத்தில் எங்கள் பாடத்தில் இருந்த கர்ப்பிணி மெலிந்தவள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், எடை 40 கிலோவைத் தாண்டாது. அவளை எப்படிச் சாப்பிட வைப்பது, இரும்புச் சத்து மாத்திரையை எப்படி விழுங்க வைப்பது, பிறக்கும் குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் இருக்க என்ன செய்வது என்பதையே அந்த 18 மாதமும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தபோது நான் பார்த்த பெண்களும் அப்படியே இருந்தார்கள். நடவுக்குப் போனார்கள், மீன்கூடை தூக்கினார்கள், ஒன்பதாம் மாதத்திலும் குடம் சுமந்தார்கள். "நல்லா சாப்பிடும்மா" என்று சொல்லாமல் நான் எந்த வீட்டையும் விட்டு வெளியே வந்ததில்லை.

பிற்பாடு சிதம்பரம் நகரை ஒட்டியும், கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமும் வேலை பார்த்த வருஷங்களில் வேறொரு பெண் வரத் தொடங்கினாள். முதல் பதிவுக்கே 70 கிலோ, 80 கிலோ. கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து, நீர்க்கட்டிக்கும் தைராய்டுக்கும் மருந்து சாப்பிட்டு, கோயில் கோயிலாகப் போய் உண்டான கர்ப்பமாக இருக்கும். கழுத்தைச் சுற்றி கருப்பாகப் படர்ந்திருக்கும். அழுக்கென்று நினைத்து மஞ்சளும் கடலைமாவும் போட்டுத் தேய்த்துக் கொண்டிருப்பாள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் கூடுதல் எடை என்றது. அடுத்த கணக்கெடுப்பில், 2019-21-இல், அது 40.4 ஆகிவிட்டது. அந்தக் கணக்கு அச்சில் வருவதற்கு முன்பே எங்கள் செவ்வாய்க்கிழமைப் பதிவேட்டில் அது தெரிந்துவிட்டது.

உடல் நிறை குறியீடு என்பதை நாங்கள் பி.எம்.ஐ. என்றுதான் சொல்வோம். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. உலக அளவில் 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடற்பருமன். இந்திய உடம்புக்கு அந்தக் கோடு கீழே இறங்கும். நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம், சர்க்கரை நோய் சீக்கிரம் வரும். அதனால் 2009-இல் நம் நாட்டு மருத்துவர்கள் கூடி 23-ஐயும் 25-ஐயும் எல்லையாக வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் 152 செ.மீ. உயரம் இருப்பார்கள். அந்த உயரத்துக்கு 58 கிலோ வந்தாலே 25-ஐத் தொட்டுவிடும், 70 கிலோவில் 30-ஐத் தாண்டிவிடும். பார்ப்பவர்கள் "வாட்டசாட்டமா இருக்கா" என்று சந்தோஷப்படும் எடை அது.

எடை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ நாள் யோசித்த விஷயம் இது. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தராசு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருவர் ஏற்றி நிறுத்துவார், எண்ணை உரக்கச் சொல்வார், எதிர்ப்பக்கம் இருப்பவர் பதிவேட்டிலும் அட்டையிலும் எழுதுவார். 45, 52 என்று போய்க்கொண்டிருக்கும்போது "எண்பத்தி நாலு" என்று ஒரு குரல் வந்தால் மொத்த வரிசையும் திரும்பிப் பார்க்கும். கூட வந்த மாமியார் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். அந்தப் பெண் அடுத்த செவ்வாய் வர மாட்டாள். காய்ச்சல் என்பாள், ஊருக்குப் போயிருந்தேன் என்பாள். வீட்டுக்குத் தேடிப் போனால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவாள்.

அப்படி ஒரு வீட்டில், சிதம்பரம் மேலரத வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில், அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "சிஸ்டர், எல்லா டாக்டரும் முதல்ல என் உடம்பப் பத்திதான் பேசறாங்க. புள்ள எப்படியிருக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க." அவள் வராமல் போன இரண்டு மாதத்தில் பார்க்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனை போய்விட்டது, ரத்த அழுத்தம் போய்விட்டது. வெட்கம் ஒரு கர்ப்பிணியைப் பரிசோதனையிலிருந்து விரட்டினால், எடையால் வரும் ஆபத்தைவிட அது பெரிய ஆபத்து. தராசைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்தோம். ஏறுகிறவளும் எழுதுகிறவளும் மட்டும் எண்ணைப் பார்ப்பது என்று ஆனது. நான் முதலில் டாப்ளர் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைப்பேன். அதைக் கேட்ட பிறகு எடையைப் பற்றிப் பேசினால் அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். என் கீழ் வேலை பார்த்த இளம் செவிலியர்களிடம் நான் கண்டிப்பாக இருந்த ஒரே விஷயம் இது: ரத்த அழுத்தத்தை எந்தக் குரலில் சொல்கிறோமோ அதே குரலில் எடையையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு ஏறலாம் என்ற கேள்வி. எங்கள் கையேட்டில் கர்ப்ப காலம் முழுவதற்கும் 9 முதல் 11 கிலோ ஏற வேண்டும், முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் 2 கிலோ என்று இருந்தது. எல்லாருக்கும் ஒரே கணக்கு. 2009-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை, தொடங்கும் எடையை வைத்துப் பிரித்தது. சரியான எடையுள்ளவளுக்கு 11.5 முதல் 16 கிலோ, குறியீடு 25-க்கு மேல் இருந்தால் 7 முதல் 11.5, 30-க்கு மேல் இருந்தால் 5 முதல் 9 கிலோ. சின்ன உடம்புள்ள நம் பெண்களுக்கு இந்த எண்களின் கீழ்ப்பக்கமே போதும் என்பது என் அனுபவம்.

ஐந்து கிலோ என்று சொன்னவுடன் வீட்டில் பெரியவர்கள் பதறுவார்கள். "ஏன் நர்சம்மா, புள்ளைய பட்டினி போடச் சொல்றீங்களா?" என்று கடலூர் முதுநகரில் ஒரு மாமியார் கேட்டார். அவரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். குழந்தை 3 கிலோ. நச்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பனிக்குட நீர் முக்கால் கிலோ, கர்ப்பப்பை ஒரு கிலோவுக்குப் பக்கம், புதிதாக ஊறும் ரத்தம் ஒன்றேகால் கிலோ, மார்பு அரைக் கிலோவுக்குள். சேர்த்தால் ஏழு கிலோ. அதற்கு மேல் ஏறுவது பால் கொடுக்கும் நாளுக்காக உடம்பு சேமித்து வைக்கும் கொழுப்பும் நீரும். மெலிந்தவளுக்கு அந்தச் சேமிப்பு தேவை. "உங்க மருமகளுக்கு அது ஏற்கெனவே இருக்குதும்மா. புள்ளைக்கு வேணுங்கறத மட்டும் குடுத்தா போதும்." அவர் கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப மாசம் ஒரு கிலோவா?" என்றார். ஆமாம், நாலாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு கிலோ. அந்த வீட்டில் அதன் பிறகு சமையல் பேச்சை நான் அவரோடுதான் பேசினேன். கர்ப்பிணியிடம் எவ்வளவு சொன்னாலும் சோறு போடுகிற கை வேறொருவருடையது. அந்தக் கைக்குப் புரியாத ஆலோசனையால் பயனில்லை.

எடையைக் குறைப்பது கர்ப்பத்தில் நோக்கமே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டாக்டர் "வெயிட் அதிகம்" என்று சொன்ன ஒரே வார்த்தைக்காக ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரில் கீட்டோன் வந்து, தலைசுற்றி விழுந்து வருவார்கள். பெருத்த உடம்பில் ரத்தசோகை இருக்காது என்று நினைப்பவர்களும் உண்டு. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 80 கிலோ எடையும் 9 கிராம் ஹீமோகுளோபினும் ஒரே அட்டையில் இருப்பது எங்களுக்குப் பழக்கமான காட்சி. அந்த உடம்புக்குள் போனது மாவும் சர்க்கரையும் எண்ணெயும். பருப்பும் கீரையும் மீனும் போகவில்லை.

கடலூர் மாவட்டத்துச் சமையலறையில் வேண்டியது எல்லாம் இருக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி விலை குறைந்த நாளில் எல்லா வீட்டிலும் மணக்கும். எங்கள் சென்னாக்குன்னி என்ற பொடி இறாலும் இருக்கிறது. சிக்கல் குழம்பின் ருசியில் இருக்கிறது. மீன் குழம்பு நன்றாக இருந்தால் சோறு மூன்று தடவை இறங்கும், மீன் ஒரே துண்டுதான் தட்டில் விழும். அதிலும் நல்ல துண்டு ஆண்களுக்குப் போய்விடும். அதனால் சோற்றை நிறுத்தச் சொல்ல மாட்டேன். முதலில் தட்டில் காயும் கீரையும், அடுத்து இரண்டு துண்டு மீன், கடைசியில் ஒரு குழிக்கரண்டியோ ஒன்றரையோ சோறு என்று வரிசையை மாற்றச் சொல்வேன். கருவாடு வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் ரத்த அழுத்தம் சரியாக இருந்தால். சிதம்பரத்து வீடுகளில் கத்திரிக்காய்க் கொத்சு இருக்கும். இட்லி இரண்டு, கொத்சு கிண்ணம் நிறைய என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மார்கழித் திருவாதிரைக்குக் களி வேண்டாம் என்று ஒரு சிதம்பரத்துக்காரியிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது. இரண்டு ஸ்பூன் களியும் நிறைய ஏழுகறிக் கூட்டும் என்று சொன்னேன், கேட்டார்கள்.

உண்மையில் எடையை ஏற்றுவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துச் சோறு கிடையாது. ஒரு நாளில் குடிக்கும் டீயை எண்ணச் சொன்னால் ஐந்து வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே வர்க்கியோ பொறையோ. பார்க்க வருகிறவர்கள் கையில் பேக்கரிப் பொட்டலம். ரத்தம் ஊறும் என்று மாதுளை ஜூஸ், சர்க்கரை போட்டு. டி.வி.யில் பார்த்த சத்துப் பவுடர், பாலில் மூன்று ஸ்பூன். கர்ப்பத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதியில் ஒரு சராசரிப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது 2020-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தந்த அளவு. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவுதான் அது. இரட்டைச் சாப்பாடு என்று நினைப்பதற்கு அங்கே இடமே இல்லை. எடை அதிகமுள்ளவளுக்கு அதிலும் குறைவு போதும்.

அரசாங்கம் கொடுக்கும் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் ஆனபோது, அதில் 2,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு சேர்ந்தது. சத்துமாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் அதில் வரும். மெலிந்த பெண்ணுக்கு அது வரப்பிரசாதம். நடவு வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் அந்த நெய் போய்ச் சேர்ந்ததை நினைத்து நான் மனசாரச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதே பெட்டகத்தை 85 கிலோ பெண்ணிடம் கொடுக்கும்போது, டானிக்கை விடாமல் குடி, பேரீச்சம்பழம் நாளைக்கு இரண்டு, நெய்யை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கும். சர்க்கரை உள்ளவளுக்கு அதை உருண்டை பிடிக்காமல், அளவாக எடுத்துக் காய் போட்டு அடையாகத் தட்டச் சொல்வோம். உடம்புக்குத் தக்க இரண்டு விதப் பெட்டகம் வர வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன், இன்றும் அதையேதான் கேட்கிறேன்.

வளைகாப்பில் வரும் ஐந்து வகைச் சாதத்தை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அந்த ஒரு நாள் யாரையும் கெடுக்காது. அதற்கடுத்து அம்மா வீட்டுக்குப் போகும் இரண்டு மாதம்தான் கவலை. மாமியார் வீட்டில் மாதம் ஒரு கிலோவாக வந்தவள் அம்மா வீட்டில் ஆறு கிலோ ஏறி வருவாள். அங்கே வேலை கிடையாது, பாசம் முழுவதும் தட்டில் விழும். அதனால் வளைகாப்பு முடிந்தவுடன் அவள் போகும் ஊரின் செவிலியருக்குப் போன் பண்ணி, பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணோடு எடையையும் சொல்லிவிடுவேன்.

அசையாமல் இருப்பதும் அப்படித்தான். வருஷக்கணக்கில் காத்திருந்து உண்டான கர்ப்பம் என்றால் கட்டிலை விட்டே இறக்க மாட்டார்கள். ரத்தக் கசிவு, நச்சுக்கொடி கீழிறங்கியது போன்ற காரணம் இருந்து டாக்டர் ஓய்வு சொன்னால் ஓய்வு. காரணம் இல்லாமல் படுத்திருந்தால் எடை ஏறும், சர்க்கரை ஏறும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தால் போதும். கடலூரில் சாயங்காலம் சில்வர் பீச், சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதி. கணவன் கூட நடந்தால் ஊர் ஒன்றும் சொல்லாது என்பதால் கணவன்மாரைக் கூப்பிட்டு, "தம்பி, மாத்திரை வாங்கிக் குடுக்கறது எப்படியோ, அப்படித்தான் இதுவும். தினம் அரை மணி நேரம் கூட்டிட்டுப் போங்க" என்பேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் மெதுவாக நடக்க வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையில் நம் மாநிலத்துக்குப் பெருமையான ஒரு பெயர் உண்டு. சென்னையில் டாக்டர் வீ. சேஷையா வலியுறுத்திய முறைதான் இன்று நாங்கள் செய்வது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வா என்றால் கிள்ளையிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணால் முடியாது. அந்தச் சிரமத்தை யோசித்து உருவான பரிசோதனை இது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. எடை அதிகமுள்ளவளுக்கு முதல் பதிவிலேயே இதைச் செய்துவிட வேண்டும், 24 வாரத்தில் மறுபடியும். முதல் முறை 110 வந்தது என்று நிம்மதியாக இருந்து, இரண்டாம் முறைக்கு வராமல் போகிறவர்கள் நிறைய. சர்க்கரை தெரிந்தால் இரண்டு வாரம் உணவு மாற்றம், அதற்கும் இறங்கவில்லை என்றால் மருந்து. இன்சுலின் என்றால் அழுவார்கள். குழந்தைக்குப் போகாத மருந்து அது, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் நிறுத்திவிடலாம் என்று சொன்னால் ஊசியைக் கையில் வாங்குவார்கள்.

ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்த புஜத்தில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். 150/100 என்று பதறி அனுப்பிய பெண்ணுக்குப் பெரிய பட்டையில் 126/80 இருக்கும். அதை இரண்டு மூன்று தடவை பார்த்த டாக்டர், இவளுக்கு எப்போதும் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால், நிஜமாகவே ஏறும் நாளில் நேரம் போய்விடும். ஒவ்வொரு நிலையத்திலும் பெரிய பட்டை ஒன்று இருந்தே ஆக வேண்டும். எடையும் இங்கே ஒரு எச்சரிக்கை மணி. ஒரே மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினால் சாப்பாட்டைக் குறை சொல்லத் தொடங்காமல், அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்க வேண்டும், சர்க்கரையைப் பார்க்க வேண்டும், இரட்டைக் குழந்தையா என்று பார்க்க வேண்டும். முகமும் விரலும் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல், தலைவலியோடு ஒருத்தி வந்தால் அது நெய்யால் வந்த எடை கிடையாது.

பிரசவத்தை எடை அதிகமுள்ள பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தடித்த வயிற்றில் கையால் தொட்டுக் குழந்தையின் வளர்ச்சியைச் சரியாகச் சொல்ல முடியாது, ஸ்கேன் வேண்டும். மயக்க மருந்துக்காரர், ரத்த வங்கி, பச்சைக் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கி 2021-இல் அரசு மருத்துவக் கல்லூரியான இடத்துக்கோ எட்டாம் மாதத்திலேயே ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டிவிடுவோம். ஆபரேஷன் ஆனால் தையல் ஆறும்வரை மடிப்பை உலர்வாக வைப்பதும், முதல் நாளே எழுந்து நடப்பதும் முக்கியம். பால் ஊறக் கொஞ்சம் தாமதமாகலாம். பவுடர் பாலுக்குத் தாவாமல் குழந்தையைத் திரும்பத் திரும்ப மார்பில் போட்டால் ஊறிவிடும். எங்கள் ஊர்ச் சுறாப்புட்டு அந்த நாளில் அருமையான சாப்பாடு, லேகியத்தைத்தான் சுண்டைக்காய் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்துத் தடுப்பூசிக்கு வரும் புதன்கிழமை, குழந்தையின் எடையை எல்லாரும் கேட்பார்கள், தாயின் எடையை யாரும் கேட்பதில்லை. அந்த நாளில்தான் அவளுக்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், குறியீடு 30-க்கு மேலுள்ள ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு வாராவாரம் உணவும் நடையும் சொல்லிக் கொடுத்தார்கள். எடை ஏறுவது கொஞ்சம் குறைந்தது. சர்க்கரை நோய் குறையவில்லை. நான் கண்டதும் அதுதான். கர்ப்பம் தொடங்கிய பிறகு நாங்கள் செய்வது பாதி வேலை. ஸ்வீடனில் 2006-இல் வந்த ஆய்வு, முதல் பிரசவத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஏறும் எடையே அடுத்த கர்ப்பத்தில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொண்டுவருகிறது என்று காட்டியது.

ஆகவே ஓய்வுபெறும் வரைக்கும் என் கடைசி வருஷங்களின் உழைப்பை அந்த இடைவெளியில் போட்டேன். குழந்தைக்கு ஊசி போட வரும் தாயை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தராசில் ஏற்றுவது, திரைக்குப் பின்னால், மெதுவான குரலில். இரண்டாவது குழந்தைக்கு இரண்டு மூன்று வருஷம் போகட்டும் என்று சொல்லி, அதற்குள் நாலு கிலோ, ஐந்து கிலோ குறைந்தாலும் பெரிய விஷயம் என்று கூடவே நிற்பது. குடும்பம் முடிவெடுத்தவுடன், கருவுறுவதற்கு முன்பே டாக்டரிடம் அனுப்பி ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்க வைப்பது. குறியீடு 30-க்கு மேல் இருந்தால் சாதாரண அளவு போதாது, 5 மில்லிகிராம் எழுதித் தருவார்கள். மேலரத வீதிச் சந்தில் கதவுக்குப் பின்னால் நின்று பேசிய பெண் அந்த மாத்திரையைக் கேட்டுத் தானாகவே வந்தாள். எடை எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.